ஆய்வுக்கு ஏற்ற ஆசான்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் உழவர், கொடி படரும் முன்னரே பந்தலின் உறுதியை நோக்குகின்றார். உளவியலில் முனைவர் பட்டம் நாடும் மாணவரோ பெரும்பாலும் நெறியாளரின் புகழையே நோக்குகின்றார். அது போதாது.

ஆசானிடம் நாம் பெறுவது ஆராயும் முறையாகும். எம். வி. கோபாலசாமி இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றார். ஸ்பியர்மன் அறிவாற்றலைச் சோதனைகளாலும் கணக்கினாலும் ஆராய்ந்தவர். 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய கோபாலசாமி, மேனாட்டு அறிவுச் சோதனைகளை நம் நாட்டிற்கேற்ப அமைக்க முற்பட்டார். ஆசானின் முறை மாணவரின் வழியாயிற்று. 1935இல் மைசூரில் 'ஆகாசவாணி' என்னும் வானொலியை நிறுவியவரும் அவரே.

ஆகவே மூன்றினை ஆராய்க. முதலாவது, முறை. ஏலத்தோட்டத் தொழிலாளரின் மனச்சோர்வை அவர்களிடம் உரையாடி அறிய விரும்புவோர்க்கு, ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றையே அறிந்த நெறியாளர் பொருந்தார். அவருடைய கட்டுரைகளைப் படித்தால் இது விளங்கும்.

இரண்டாவது, பழைய மாணவர். எத்தனை ஆண்டுகளில் முடித்தனர், திருத்தங்கள் உரிய காலத்தில் கிடைத்தனவா என அவர்களையே வினவுக.

மூன்றாவது, காலம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் 8 ஆய்வாளர்க்கு மேல் ஏற்கலாகாது. ஓய்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரை ஏற்கவியலாது. இடமுண்டா என முன்னரே கேட்பதில் நாணம் வேண்டா.

கொடிக்குப் பந்தலைப் பிறர் அமைக்கின்றனர். உங்கள் பந்தலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இளமையின் சில ஆண்டுகள் அத்தேர்வில் அடங்கியுள்ளன.