மீன் தொட்டிக்கு ஒரு முற்றம்

சித்திரை வெயிலில் நாம் என்ன செய்கிறோம்? சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கு அடியில் போய் உட்காருகிறோம். உடம்பில் உள்ள வியர்வை காற்றில் உலர்கிறது, "அப்பாடா!" என்கிறோம். மீன் என்ன செய்யும்? அதற்கு வியர்வையும் கிடையாது. கழற்றுவதற்குச் சட்டையும் கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ, அதன் உடம்பும் அவ்வளவு சூடுதான். குளத்து மீனாவது ஆழத்துக்குப் போய் ஒதுங்கிக்கொள்ளும். ஒன்றேகால் அடி உயரக் கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன் எங்கே போய் ஒதுங்கும்?

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் பழைய வீடு. அதில் ஆச்சி ஒருவர் மட்டுமே வாசம். மகனும் மருமகளும் சிங்கப்பூரில். விடுமுறைக்கு வந்த பேரன் ஆசைப்பட்டு ஒரு மீன் தொட்டி வாங்கி, ஆறு பொன்மீன்களை விட்டுவிட்டுப் போனான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது அவன் முதலில் கேட்பது, "அப்பத்தா, மீனைக் காட்டுங்க" என்பதுதான்.

சித்திரை பாதி முடிவதற்குள் மூன்று மீன்கள் மிதந்துவிட்டன.

"கல்லுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன், தம்பி. மூணு மீனும் எந்நேரமும் கல்லுக்குப் பின்னாடியேவா இருக்கும்?" என்று என்னிடம் அங்கலாய்த்துக்கொண்டார் ஆச்சி.

மீன் ஏன் திணறுகிறது?

பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 33 டிகிரி! பொன்மீன் குளிர்ந்த நீரில் வாழும் ஜாதி. 24 டிகிரிக்குள் இருந்தால்தான் அதற்குச் சுகம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 33 டிகிரியில் அது சுமார் 7 மில்லிகிராம்தான். அதே சமயம், சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் அதற்குப் பிராணவாயு அதிகமாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பம்தான் தாங்கும்? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியினால் அல்ல, மூச்சுக்காகத்தான்.

ஆச்சி தமக்குத் தோன்றிய வைத்தியத்தைச் செய்தார். பனிக்கட்டிகளைத் தொட்டியில் போட்டார். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தது. சிறிது நேரத்தில் மறுபடி சூடாயிற்று. இந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிடப் பொல்லாதது. மூன்றாவது மீன் போனது அன்றைக்குத்தான். பூனைக்குப் பயந்து தொட்டியை மூடியால் இறுக மூடியும் வைத்திருந்தார். உள்ளே விளக்கின் சூடு வேறு.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். "ஆச்சி, உங்க வீட்டுக்கு முற்றம் இருக்கு. மீன் வீட்டுக்கு முற்றம் இல்லையே!" என்றார்.

பானை சொல்லும் பாடம்

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடித் தரை. நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலே எழும்பி முற்றத்தின் வழியாக வெளியேறும். வாசல் வழியாக வேறு காற்று உள்ளே வரும். வழியடைத்த மூடிக்குக் கீழே இந்த நடமாட்டம் ஏது?

இன்னொரு பாடம் மண்பானையில் இருக்கிறது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஆச்சியின் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம். ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். அதிலிருந்து ஒரே ஒரு லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து சூடு வராத பட்சத்தில், மீதித் தண்ணீர் ஆறு டிகிரி வரை குளிர வேண்டும். வெளிச்சூடு வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இரண்டு முதல் நான்கு டிகிரி குறையும். மீனுக்கு வியர்க்காது, ஆகவே மீனுக்குப் பதிலாகத் தொட்டி வியர்க்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்!

இதற்குக் காரைக்குடியின் வறண்ட வெயில் ஒரு வகையில் உதவியும் செய்கிறது. காற்று 38 டிகிரியாக இருந்தாலும் ஈரப்பதம் 35 சதவீதமாக இருந்தால், ஆவியாதலால் மட்டும் தண்ணீரைச் சுமார் 26 டிகிரி வரை இறக்க இயற்கை இடம் கொடுக்கிறது. காற்றிலேயே ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இவ்வளவு பலன் கிடைக்காது.

செய்யும் விதம்

பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் 12 வோல்ட் சிறு விசிறிகள் இரண்டு போதும். மூடியின் ஒரு கோடியில் விசிறியின் அளவுக்கு ஒரு துவாரம், மறு கோடியில் ஒரு துவாரம். முதல் விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளவேண்டும். மற்றது ஈரக்காற்றை வெளியே இழுக்கவேண்டும். இரண்டையும் உள்நோக்கி வைத்துவிட்டால் காற்று போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். பல விசிறிகளின் விளிம்பில் காற்றுப் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். முதல் விசிறியைச் சற்றுச் சாய்த்து, காற்று நீர்ப்பரப்பைத் தடவிச் செல்லும்படி பொருத்துவது நலம். துவாரங்களுக்கு நைலான் வலை கட்டிவிட்டால் மீன் துள்ளி வெளியே விழாது. பூனையும் கை நீட்டாது.

இரண்டு விசிறிகளின் சிவப்புக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து அடாப்டரின் நேர்முனையிலும், கறுப்புக் கம்பிகளை எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். 12 வோல்ட், ஓர் ஆம்பியர் அடாப்டர் தாராளம். இணைப்புகளை நன்றாக உறையிட்டு மூடவேண்டும். அடாப்டரைத் தொட்டிக்கு மேலே தொங்கவிடக் கூடாது. கம்பி பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலே ஏறட்டும். வழிந்து வரும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

செலவு? ஒரு விசிறிக்கு இரண்டரை வாட் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டும் மாதம் முழுவதும் இரவு பகலாக ஓடினால் மூன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாகும். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமோ ஆயிரக்கணக்கில் விலை சொல்லும்.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரக்காற்றில் இரும்புத் திருகாணிகள் துருப்பிடித்துத் தண்ணீரில் உதிரும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே போடவேண்டும். காரைக்குடிவாசிகளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. உலோகம் அரிபடுவதைத் தடுப்பதும் அங்கு நடைபெறும் ஆராய்ச்சிகளில் ஒன்று.

செம்பு அண்டா வேண்டாம்!

தொட்டி வியர்த்தால் தண்ணீர் குறையும். நாளைக்கு ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ ஊற்றவேண்டி வரும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கிணற்று உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளடைவில் உப்பு ஏறிவிடும். ஆகவே மழைநீர் உத்தமம். முற்றத்துக் கூரையில் வழியும் மழைநீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் செட்டிநாட்டில் உண்டு. ஆனால் அதைச் செம்பு, பித்தளை அண்டாக்களில் பிடித்து வைத்து மீனுக்கு ஊற்றாதீர்கள். நமக்கு நல்லது என்று நாம் கொண்டாடும் செம்பு, மீனுக்கு நஞ்சு. மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ போதும். குழாய்த் தண்ணீரானால், குளோரின் நீக்கும் மருந்து சில சொட்டுகள் விட்ட பிறகே ஊற்றவேண்டும்.

ஆச்சியின் தொட்டியில் விசிறிகள் ஓடத் தொடங்கிய மறுநாள் பிற்பகலில் வெப்பமானி 29 டிகிரி காட்டியது. பொன்மீனுக்கு இது சுகவாசம் அல்ல. ஆனால் கோடையைத் தாண்டிவிடலாம். மீதி மூன்று மீன்களும் மேலே வந்து வாயைப் பிளப்பதை நிறுத்திக் கீழே இறங்கின.

அடுத்த ஞாயிறு பேரன் கூப்பிட்டபோது ஆச்சி உண்மையைச் சொல்லிவிட்டார்: "மூணு செத்துப் போச்சுப்பா. சூடு தாங்கலை. எனக்கு வகை தெரியலை."

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லையாம்.

பிறகு பேரன் கேட்டானாம்: "அந்த விசிறியைக் காட்டுங்க, அப்பத்தா!"