உங்களுக்குத் தெரியுமா? சீன ஓவியங்களில் சாமானிய மக்கள்

சீன ஓவியம் என்றால் மூடுபனி மலையும் மூங்கிலும் மட்டுமல்ல. கடைத்தெரு, வயல், வீட்டு வேலை, பிள்ளைகளின் விளையாட்டு என எல்லாவற்றையும் அந்நாட்டு ஓவியர்கள் அக்கறையோடு வரைந்திருக்கிறார்கள்.

● பாலத்தில் பரபரப்பு: 12-ஆம் நூற்றாண்டில் ஜாங் ஸெதுவான் வரைந்த ‘சிங்மிங் திருநாளில் ஆற்றங்கரை’ என்ற சுருள் ஓவியம் 25 செ.மீ. உயரம்கூட இல்லை, நீளமோ 5 மீட்டருக்கு மேல்! பொருள் விளங்கும்படி பார்க்க வேண்டுமானால் வலமிருந்து இடமாகச் சிறிது சிறிதாக விரிக்க வேண்டும். நடுவில் வளைவுப் பாலம். படகு ஒன்று அதில் மோதப்போகிறது. படகோட்டிகள் பாய்மரத்தை அவசரமாகச் சாய்க்கிறார்கள். பாலத்தின் மேல் கூடிய கூட்டம் எட்டிப் பார்த்துக் கைகாட்டிக் கத்துகிறது. இந்த ஓவியம் இப்போது பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● தணல் இஸ்திரி: பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள 12-ஆம் நூற்றாண்டுப் பட்டோவியம், புதிதாக நெய்த பட்டைப் பெண்கள் பதப்படுத்துவதைக் காட்டுகிறது. தணல் நிரப்பிய, நீண்ட கைப்பிடியுள்ள வாணலிதான் இஸ்திரிப் பெட்டி! அடுப்பை விசிறும் சிறுமி, அனல் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

● வயலும் தறியும்: 12-ஆம் நூற்றாண்டில் லோ ஷு என்ற வட்டார அதிகாரி, நெல் சாகுபடிக்கு 21 படங்களும் பட்டுத் தொழிலுக்கு 24 படங்களும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதையும் எழுதினார். சக்கரவர்த்தியின் பார்வைக்கும் அவை போயின. 1696-இல் காங்ஷி சக்கரவர்த்தி அதே பொருளில் புதிய படத்தொகுதியை வெளியிடச் செய்தார்.

● இலந்தை ராட்டினம்: சு ஹான்சென் வரைந்த ஓவியத்தில் அக்காவும் தம்பியும் ஒரு முக்காலியின் மேல் குனிந்து விளையாடுகிறார்கள். இலந்தைப் பழத்தின் மேல்பாதியை நறுக்கி, கொட்டையை வெளியே தெரியவிட்டு, கீழே குச்சிகளைக் கால்களாகச் செருகியிருக்கிறார்கள். இரு முனையிலும் இலந்தை குத்திய மெல்லிய மூங்கில் குச்சி அந்தக் கொட்டையின் மேல் விழாமல் சுற்ற வேண்டும். அதுதான் ஆட்டம்.

● சூடு வைத்தியம்: லி டாங் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில், கிராமத்து வைத்தியர் நோயாளியின் முதுகில் மாசிபத்திரி மூலிகையை எரித்துச் சூடு வைக்கிறார். நோயாளி வாய்விட்டு அலறுகிறார். உடன் வந்தவர்கள் கைகால்களை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

● தெருவோர மனிதர்கள்: 1516-இல் சூஜோ நகர ஓவியர் ஜோ சென், தாம் தெருவில் கண்ட பிச்சைக்காரர்களையும் வித்தை காட்டுபவர்களையும் நினைவிலிருந்து வரைந்தார். கிழிந்த உடை, ஒட்டிய வயிறு, உடல் ஊனம் எதையும் அவர் மறைக்கவில்லை. உலகத்துக்கு இது ஓர் எச்சரிக்கையாகட்டும் என்ற கருத்தில் குறிப்பும் எழுதி வைத்தார். அந்தத் தொகுதி இன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து, ஹொனலுலு அருங்காட்சியகங்களில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அரச வரலாறுகள் பேர்கூடச் சொல்லாத இந்த மக்களுக்கு முகம் கொடுத்தது ஓவியர்களின் தூரிகைதான்.