கடற்பாசியில் கவர் செய்தால் பட்டுச் சேலையைச் சுற்றலாமா?

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கஞ்சி காய்ந்ததும் இழையைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று படியும். தறியில் அடிபடும்போது இழை பிசிறு தட்டாமல் காப்பது அதுதான். மாவுச்சத்து என்பது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள். நீரில் கரைத்துக் காயவிட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். கடற்பாசியிலும் இறால் ஓட்டிலும் இதே வகைச் சங்கிலிகள் உண்டு. பிளாஸ்டிக்குக்கு மாற்றாகப் பேசப்படும் உயிர்ப் படலங்கள் அவற்றிலிருந்து வருபவைதான்.

மூலப்பொருளுக்குத் தொலைவு போக வேண்டாம். மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் என்னும் சங்கிலிப் பொருளைத் தருகின்றன. கட்டக்கோரைப் பாசி ஆல்ஜினேட் என்னும் இன்னொன்றைத் தருகிறது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியில் கேரகீனன் கிடைக்கும். பெப்சி நிறுவனம் ஊக்குவித்த பயிர் என்பதால் அங்கே அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர். ஆல்ஜினேட் ஆலையோ நமக்குப் பக்கத்திலேயே, ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கிறது.

ஆல்ஜினேட் படலம் செய்யும் முறை எளிது. பாசியைச் சலவைச் சோடாக் கரைசலில் வேகவைத்தால் உள்ளிருக்கும் சத்து சோடியம் ஆல்ஜினேட்டாகக் கரைந்து வரும். அதை வடிகட்டிப் பிரித்துப் பொடியாக்குகிறார்கள். நூறு பங்கு நீருக்கு இரண்டு பங்கு பொடி போட்டாலே கரைசல் கொழகொழவென்று ஆகிவிடும். காய்ந்தபின் நொறுங்காமல் வளைய வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் கிளிசரின். தட்டில் ஊற்றி உலர்த்தினால் கண்ணாடி போன்ற தாள் உரிந்து வரும். ஆனால் நீர் பட்டால் அது மறுபடி கரைந்துவிடும். அதனால் கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கியெடுக்கிறார்கள். சோடியம் ஒரு சங்கிலியோடு நின்றுவிடும். இரட்டை மின்னேற்றம் கொண்ட கால்சியம் பக்கத்துச் சங்கிலியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் படலம் நீரில் ஊறும், கரையாது.

இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானுக்கு வேறொரு குணம். வினிகர் போன்ற அமிலத்தில் கரையும், கிருமிகளையும் ஓரளவு அடக்கும். பழங்கள் கெடாமலிருக்க மேற்பூச்சாகப் பயன்படுவது அதனால்தான்.

இந்தப் படலங்கள் ஆக்சிஜனையும் எண்ணெயையும் நன்றாகத் தடுக்கும். ஈரத்தைத் தடுக்கத் தெரியாது. ஐப்பசி மழைக்காற்றில் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்ந்துபோகும்; கிளிசரின் அதிகமானால் பிசுபிசுக்கும். அப்படி ஒரு கவரைச் சரிகையோடு ஒட்டி வைக்க எந்த ஜவுளிக்கடைக்காரர் துணிவார்? பட்டைப் பிளாஸ்டிக்கில் நெடுநாள் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நம் வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். அதை மாற்ற இப்போதைக்குக் காரணம் இல்லை.

பொருந்தும் இடம் சாப்பாட்டுக் கடை. 2019 லண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்குக் கடற்பாசி உறையில் பானம் கொடுத்த நாட்ப்ளா நிறுவனம், உணவு அட்டைப்பெட்டிகளின் உட்புறப் பிளாஸ்டிக் பூச்சுக்குப் பதில் பாசிப் பூச்சு தருகிறது. 2022இல் எர்த்ஷாட் பரிசும் பெற்றது. சில மணி நேரம் எண்ணெய் ஊறாமல் இருந்தால் போதும் என்கிற வேலைக்கு இது சரி. மந்தாரை இலையில் வேகும் கோயில் இட்லிக்கு இதுவும் தேவையில்லை.

2021 ஒன்றிய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சாகுபடி பெருகினால் விலை இறங்கலாம். ஆனால் கப்பாஃபைகஸ் வெளிநாட்டுப் பாசி. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் அது படர்ந்திருப்பதை 2008இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எந்தப் பாசியை எங்கே வளர்ப்பது என்பதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு விஷயம்: ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று யாராவது கவர் விற்க வந்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.