காருக்குள் கம்ப்யூட்டர் இருந்தாலும் கண்ணாடியைத் துடைப்பது ரப்பர்தான்!

கம்ப்யூட்டர் இதழில் கார் வைப்பருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இன்று பல கார்களில் மழையை உணரும் சென்சார் உள்ளது. சிலவற்றில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் உள்ளது. இரண்டும் வெளியே பார்ப்பது அதே கண்ணாடி வழியாகத்தான். கண்ணாடி சுத்தமாக இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல சாப்ட்வேர் இருந்தும் பயனில்லை. கீ-போர்டில் தவறாக டைப் செய்தால் கம்ப்யூட்டர் தவறான விடைதானே தரும்! இதுவும் அப்படித்தான்.

தொப்பூரில் ஒரு கணக்கு

தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44ல் தொப்பூர் கணவாய் உள்ளது. இறக்கமும் வளைவுகளும் சேர்ந்த பாதை. பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக இறங்கும். 2020 டிசம்பரில் இங்கு ஒரு லாரி மற்ற வாகனங்கள் மீது அடுத்தடுத்து மோதியதில் 4 பேர் இறந்தனர். அந்த விபத்துக்கும் வைப்பருக்கும் தொடர்பில்லை. ஆனால் முன்னால் நிற்கும் வண்டி இங்கே எவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. வைப்பர் நிமிடத்துக்கு 45 முறை போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போய் வர 1.33 விநாடி. அதற்குள் வாகனம் 22 மீட்டர் போயிருக்கும். தேய்ந்த பிளேடு ஒரு முறை சரியாகத் துடைக்காமல் விட்டால், அந்த 22 மீட்டரும் மங்கலான பார்வையில்தான் கழியும்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது?

1903ல் அமெரிக்காவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பரை, உள்ளிருந்து கையால் இயக்க வேண்டும். விட்டு விட்டு இயங்கும் வைப்பருக்கு ராபர்ட் கேர்ன்ஸ் 1964ல் காப்புரிமை கோரினார். டிரான்சிஸ்டரும் கெபாசிட்டரும் கொண்ட சிறிய சர்க்யூட் அது.

இன்றைய மழை சென்சார் பெரும்பாலும் உள் கண்ணாடியின் அருகே ஒட்டப்பட்டிருக்கும். அது கண்ணாடிக்குள் சாய்வாக அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. கண்ணாடி உலர்ந்திருந்தால் பெரும்பாலான ஒளி திரும்பி வரும். மழைத்துளி விழுந்தால் ஒரு பகுதி வெளியே போய்விடும். திரும்பும் ஒளி குறைவதை வைத்து, எவ்வளவு வேகமாகத் துடைக்க வேண்டும் என்று சென்சார் முடிவு செய்கிறது. தேய்ந்த பிளேடு அந்த இடத்தில் நீரை விட்டுச் சென்றால், மழை நின்ற பிறகும் மழை பெய்வதாகவே அது நினைக்கும்!

அளவைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர்

1. உங்கள் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் ஓனர்ஸ் மேனுவலை பி.டி.எப். பைலாக டவுன்லோடு செய்யவும். அதைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எப் கீயை அழுத்தவும். வரும் கட்டத்தில் வைப்பர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் உரிய பக்கத்துக்குப் போகலாம்.

2. மேனுவலில் அளவு இல்லாவிட்டால் இப்போதுள்ள பிளேடுகளை டேப் வைத்து அளக்கவும். டிரைவர் பக்கமும் அடுத்த பக்கமும் பெரும்பாலும் வேறு வேறு அளவாக இருக்கும்.

3. அளவு மில்லிமீட்டரில் இருந்தால் கால்குலேட்டரில் 25.4 ஆல் வகுக்கவும். 600 மி.மீ. என்றால் 23.6 வரும். கடையில் இது 24 இஞ்ச் என விற்கப்படும்.

4. பிளேடு கையில் மாட்டும் கொக்கியை போட்டோ எடுத்து, இணையக் கடையில் உள்ள படத்துடன் ஒப்பிடவும். அளவு சரியாக இருந்து கொக்கி மாறினாலும் பொருந்தாது.

நீளமான பிளேடு நல்லது என்று பெரிதாக வாங்க வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். சிறிதாக வாங்கினால் சென்சார் உள்ள இடம் துடைக்கப்படாமல் போகலாம்.

எந்த வகை?

இரும்புச் சட்டம் கொண்ட சாதாரண வகை விலை குறைவு. சட்டம் இல்லாத தட்டை வகை, வளைந்த கண்ணாடியில் சீராக அழுந்தும், விலை கூடுதல். மேலே உறை போட்ட ஹைபிரிட் வகையும் உண்டு. சில மாடல்களுக்கு ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். சட்டம் நன்றாக இருந்தால் அதுவே போதும்.

பராமரிப்பு

* வாரம் ஒருமுறை ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் துடைக்கவும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் தொடக்கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.
* உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். தூசி கண்ணாடியில் கீறல் போடும். முதலில் தண்ணீர் பீய்ச்சவும்.
* லாரிகளின் பின்னால் போனால் எண்ணெய்ப் புகை படலமாகப் படியும். மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் பரவித் தெரிவதற்கு இதுவும் காரணம். கண்ணாடியைக் கார் ஷாம்பு போட்டுக் கழுவவும்.
* பிளேடைக் கழற்றும்போது கண்ணாடி மேல் தடித்த துணியை விரிக்கவும். வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி உடையும்.

கோடு விழுந்தாலோ, தடதடவென்று குதித்தாலோ, விளிம்பு கிழிந்திருந்தாலோ பிளேடை மாற்ற வேண்டும். புது பிளேடும் நடுவில் துடைக்காமல் விட்டால், கையில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டவும்.

நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. தர்மபுரி, சேலம் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. ஆகவே மே மாதக் கடைசியில் மாற்றிவிட்டால் இரண்டு பருவத்தையும் தாண்டலாம். எக்செல்லில் ஒரு சிறு பைல் திறந்து இரண்டு பிளேடுகளின் அளவு, வகை, விலை, மாற்றிய தேதி ஆகியவற்றைக் குறித்து வைக்கவும். கம்ப்யூட்டர் காலண்டரில் அடுத்த மே மாதத்துக்கு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

முன்கண்ணாடி உள்ள வாகனங்களுக்கு நன்றாக இயங்கும் வைப்பர் கட்டாயம் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. அடுத்த முறை மழையில் தொப்பூர் இறக்கத்தில் இறங்கும் முன், வண்டியை நிறுத்தி ரப்பர் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.