வான்கோழி எந்த ஊர்க் கோழி?

கோம்பையில் என் வைத்தியசாலைக்கு ஒரு மருமகள் தன் மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பெரியவரின் கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. "ஒரு வாரமா தினமும் வான்கோழி சூப்பு வச்சுக் குடுக்குறேன், ஐயா. சித்தர் காலத்து மருந்து, மூட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்க. வலி கூடுதே தவிர குறையக் காணோம்" என்றார்.

ரத்தத்தைப் பரிசோதித்தால், யூரிக் அமிலம் எக்கச்சக்கம்!

உங்களுக்கும் யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருக்கலாம். எனவே, இந்தப் பறவையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோமா?

வான்கோழியின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோ பகுதி மக்கள் காட்டுப் பறவையைப் பிடித்து வீட்டில் பழக்கிவிட்டார்கள். கறிக்கும் ஆச்சு, இறகுக்கும் ஆச்சு! 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே பெயர்க் குழப்பம். ஆங்கிலேயர்கள் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியர்களோ, 'ஹிந்தி' என்று நம் நாட்டின் பெயரை வைத்துவிட்டார்கள்!

இந்தியாவுக்கு எப்போது வந்தது? 1612-ல் முகர்ரப் கான் என்ற பிரபு, கோவாவிலிருந்து ஒரு வான்கோழியை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் கொண்டு போனார். அதன் தலை பச்சோந்தி போல நிறம் மாறுவதைப் பார்த்து அசந்துபோன ஜஹாங்கீர், அதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் படமாக வரைந்தார். அந்தப் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசருக்கே அன்று அது புதுப் பறவை!

"அப்படின்னா மூதுரையில வர்ற வான்கோழி எது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதைப் பாடிய ஔவையார் சோழர் காலத்தவர் என்பது பொதுவான கருத்து. அப்போது அமெரிக்கப் பறவை இங்கே ஏது? அவர் சொன்னது வேறு பறவையாகத்தான் இருக்க வேண்டும். கடல் கடந்து வந்த விருந்தாளிக்குப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பழைய வைத்திய ஏட்டில் இந்தப் பெயரைப் பார்த்தாலும், இன்றைய பறவைதான் என்று முடிவுகட்டி விடாதீர்கள்.

வான்கோழிக் கறி கெட்டதா? இல்லவே இல்லை. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. வெந்த கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே 'நந்தனம் வான்கோழி-1' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. தாராளமாக வளர்க்கலாம், அளவாகச் சாப்பிடலாம். ஆனால், யூரிக் அமிலம் கூடியவர்கள் எந்தக் கறியானாலும் அளவை மீறக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

சூப்பை நிறுத்தி, தகுந்த மருந்து கொடுத்ததும் பெரியவருக்கு வீக்கம் வடிந்தது. அந்த மருமகள் மேல் தப்பே இல்லை, பாசத்தில் செய்ததுதான். அடுத்த முறை "இது சித்தர் சொன்னது" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த நூலில் இருக்கிறது?" என்று நீங்களும் கேளுங்கள். அப்புறம் அடுப்பைப் பற்ற வைக்கலாம்!