சக்கர நாற்காலியும் நுழையும் தோட்டம்

 

பரங்கிப்பேட்டை, கடலூர், சிதம்பரம் பக்கம் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் உண்டு. அங்கே ஹார்ட்பார்க் பூங்காவில் 2016-ல் முதியவர்களுக்காகவும் மறதி நோயாளிகளுக்காகவும் ஒரு தோட்டம் திறந்தார்கள். நாற்காலியில் அமர்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் பாத்திகள் உண்டு.

நம் ஊரில் தோட்டம் என்றால் குனிந்து நிமிர முடிந்தவர்களுக்குத்தான். மூட்டுவலி வந்த உம்மாவும், பக்கவாதத்தில் ஒரு கை ஓய்ந்த வாப்பாவும் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். நடக்க வராத பிள்ளையை வெளியே கூட்டிப்போகவே தயங்குகிறோம். இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாத்தியை இரண்டரை அடி உயர்த்தி, அகலத்தை 4 அடிக்குள் வைத்தால் இரு பக்கமிருந்தும் கை எட்டும். பாதை கெட்டியாக இருக்கவேண்டும். மணலில் சக்கரம் புதையும். பலரும் தவறுவது சரிவுப் பாதையில்தான். ஓரடி ஏற 12 அடி நீளம் தேவை. இடமில்லையென்று செங்குத்தாகப் பூசிவிட்டால் நாற்காலி பின்னுக்கு உருளும். அதற்குப் படியே தேவலாம்! ஓரமாகப் புதினா, கற்பூரவல்லி வைத்தால் பார்வையில்லாதவரும் மணத்தால் இனம் காண்பார்.

தோட்டத்துக்கு இடம் தேடுகிறோம். இடம் தர இயலாதவர்கள், தம் தெருவில் வீட்டைவிட்டு வெளியே வராமலே இருப்பவர் யாரென்றாவது எங்களிடம் சொல்லுங்கள்.