வலைப்பதிவுக்குத் தனி ஆள்களப் பெயர் இணைத்தல்

வலைப்பதிவுக்குத் தனி ஆள்களப் பெயர் இணைத்தல் என்பது, பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் போன்ற சேவைகளில் இயங்கும் ஒரு பதிவை, பதிவர் தம் பெயரில் பதிவு செய்த ஆள்களப் பெயரின் வழியாகப் படிக்கச் செய்யும் முறையாகும். இடுகைகள் சேவையின் வழங்கிகளிலேயே இருக்கும்; அவற்றைச் சென்றடையும் முகவரி மட்டுமே மாறுகிறது. இதனால், பதிவர் பின்னாளில் வேறு சேவைக்கு மாறினாலும் அதே முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்த முடியும்.

பின்னணி

பிளாகர் 1999இல் பைரா லேப்ஸ் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. 2003இல் கூகுள் அதனை வாங்கியது. இச்சேவையின் பதிவுகள் பிளாக்ஸ்பாட்.காம் என்னும் ஆள்களத்தின் துணை ஆள்களங்களாக அமைகின்றன. தனி ஆள்களப் பெயரை நேரடியாக இணைக்கும் வசதி 2007இல் அறிமுகமானது. அதற்கு முன்னர், சொந்த முகவரி விரும்பியோர் வேறொரு வழங்கியில் இடம் பெற்று, கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாகப் பக்கங்களை அங்கு அனுப்ப வேண்டியிருந்தது. அம்முறை 2010 மே மாதத்தில் கைவிடப்பட்டது.

தேவை

சேவை அளிக்கும் முகவரி சேவைக்கே உரியது. சேவை மூடப்பட்டால் முகவரியும் மறையும். ஜியோசிட்டீஸ் 2009இலும் போஸ்டரஸ் 2013இலும் மூடப்பட்டபோது, அவற்றின் பக்கங்களைச் சுட்டிய இணைப்புகள் பெருமளவில் செயலிழந்தன.

சேவை தொடர்ந்து இயங்கும்போதும் முகவரியை இழக்க நேரலாம். கூகுள் 2012 முதல் பிளாக்ஸ்பாட் வாசகர்களை அவரவர் நாட்டு முகவரிக்குத் திருப்பியது. இந்தியாவில் படித்தோர் பிளாக்ஸ்பாட்.இன் முகவரியையே கண்டனர். அதையே படியெடுத்துப் பிறருக்கு இணைப்பாகவும் அளித்தனர். 2018இல் இத்திருப்பம் நிறுத்தப்பட்டது. 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் ஆள்களம் கூகுளிடமிருந்து கைமாறியது. பதிவுகள் பிளாக்ஸ்பாட்.காம் முகவரியில் பழுதின்றி இருந்தபோதும், பழைய இணைப்புகள் முறிந்தன. தனி ஆள்களப் பெயர் கொண்ட பதிவுகள் நாடுவாரித் திருப்பத்துக்கு உட்படாததால் பாதிப்படையவில்லை.

செயல்படும் முறை

இணைப்பு இரு கட்டங்களாக நிகழ்கிறது.

முதற்கட்டம் களப்பெயர் முறைமையைச் சார்ந்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இம்முறைமை, பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தருகிறது. எடுத்துக்காட்டாக, பிளாக்.எக்சாம்பிள்.காம் என்னும் பெயருக்கு, அது ஜிஎச்எஸ்.கூகுள்.காம் என்பதன் மாற்றுப்பெயர் என அறிவிக்கும் சிநேம் பதிவு இடப்படுகிறது. உலாவி இதனைப் பின்பற்றிக் கூகுளின் வழங்கியை அடைகிறது.

அவ்வழங்கியில் எண்ணற்ற பதிவுகள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே இரண்டாம் கட்டத்தில், உலாவி தான் தேடும் தளத்தின் பெயரை வேண்டுகோளின் ஹோஸ்ட் என்னும் தலைப்பு வரியில் அனுப்புகிறது. வழங்கி அப்பெயருக்குரிய பதிவைத் தேடி எடுத்து அனுப்புகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரியோடு வீட்டு எண்ணும் தேவைப்படுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இதனாலேயே ஆள்களப் பதிவாளரிடமும் வலைப்பதிவுச் சேவையிலும் என இரு இடங்களில் அமைப்பைச் செய்ய வேண்டியுள்ளது. முதலாவதை மட்டும் செய்தால், உலாவி வழங்கியை அடைந்தும் பிழைப்பக்கமே கிடைக்கும்.

பிளாகரில் இணைக்கும் படிகள்

1. பதிவாளர் ஒருவரிடம் ஆள்களப் பெயரைப் பதிவு செய்தல்.
2. பிளாகரின் அமைப்புகள் பக்கத்தில் அப்பெயரை இடுதல். அப்போது இரு சிநேம் பதிவுகளின் விவரம் காட்டப்படும். ஒன்று மேற்கூறிய மாற்றுப்பெயர். மற்றொன்று, பெயர் பதிவருக்கே உரியது என மெய்ப்பிப்பது.
3. அவ்விரண்டையும் பதிவாளரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சேர்த்தல்.
4. பிளாகருக்குத் திரும்பி அமைப்பைச் சேமித்தல்.
5. எச்டிடிபிஎஸ் வசதியை இயக்குதல். தனி ஆள்களங்களுக்கு இவ்வசதி 2018இல் வழங்கப்பட்டது.

இதன்பின் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருவோர் தானாகவே புதிய முகவரிக்குத் திருப்பப்படுவர். வேர்ட்பிரஸ்.காம் சேவையில் இவ்வசதி கட்டணத் திட்டங்களில் மட்டுமே உண்டு. பிளாகர் இதற்குக் கட்டணம் பெறுவதில்லை. எனினும் பதிவாளருக்கான கட்டணம் இரண்டிற்கும் பொதுவானது.

முன்னொட்டு இல்லாத ஆள்களம்

எக்சாம்பிள்.காம் போன்ற முன்னொட்டு இல்லாத பெயருக்குச் சிநேம் பதிவு இட இயலாது. சிநேம் உள்ள பெயரில் வேறு பதிவுகள் இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் ஆள்களத்தின் உச்சியில் பெயர் வழங்கிகளைக் குறிக்கும் பதிவுகள் கட்டாயம் இருக்கும். ஆகவே அங்கு ஐபி முகவரியை நேரடியாகக் குறிக்கும் ஏ பதிவு இடப்படுகிறது. பிளாகருக்கு 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 ஆகிய நான்கும் இடப்படுகின்றன.

சிக்கல்கள்

காலத்தாழ்வு: பெயர் வழங்கிகள் பழைய விடையைக் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86,400 நொடி என அமைந்திருந்தால், மாற்றம் சிலருக்கு ஒரு நாள் கழித்தே தெரியும்.

மின்னஞ்சல் தடை: பதிவுகளைச் சேர்ப்பதற்கு மாறாகப் பெயர் வழங்கிகளையே மாற்றினால், பழைய இடத்திலிருந்த எம்எக்ஸ் பதிவுகள் விடுபட்டு அம்முகவரியின் மின்னஞ்சல் நின்றுபோகலாம்.

கைவிடப்பட்ட சிநேம்: பதிவை நீக்கியபின் சிநேமை விட்டுவைத்தால், சில சேவைகளில் பிறர் அப்பெயரைத் தம் கணக்கில் இணைத்துக்கொள்ள இயலும். பிளாகர் கோரும் இரண்டாவது பதிவு இதனைத் தடுப்பதற்கானது.

காலாவதி: ஆள்களப் பெயர் விலைக்கு வாங்கும் சொத்து அன்று, குத்தகை போன்றது. .காம் பெயரை ஒரே முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்ய முடியும். காலாவதியாகி நீக்கப்பட்ட .காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கூடுதல் கட்டணம் பெறப்படும். அதுவும் கடந்தால் பெயரை எவரும் பதிவு செய்யலாம். தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலோ, பயன்பாட்டில் இல்லாத மின்னஞ்சலிலோ பதிவு இருந்தால் புதுப்பித்தல் அறிவிப்பு பதிவரை எட்டாது. பதிவு தம் பெயரிலும் நடப்பு மின்னஞ்சலிலும் இருந்தால் மட்டுமே முகவரி உண்மையில் பதிவரின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

இவற்றையும் பார்க்க

களப்பெயர் முறைமை
ஐபி முகவரி
வலைப்பதிவு